புறப்படும் முன் கேட்ட கேள்வி

போருக்குப் புறப்படும் ஒரு வீரர் என்னென்ன ஆயத்தங்களைச் செய்வார்? துப்பாக்கியைத் துடைப்பார், பையில் உடைகளை அடுக்குவார், வீட்டுக்குக் கடிதம் எழுதுவார். தேசிய சேவைக்குச் செல்லவிருக்கும் அண்ணன் உங்கள் வீட்டில் இருந்தால், இத்தகைய பரபரப்பைச் சிறிய அளவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால், கடந்த நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் பலர் இவற்றோடு இன்னொன்றையும் செய்தனர். 'நான் காக்கப்போகும் நாடு என்னைச் சமமாக நடத்துகிறதா?' என்று கேட்டனர்.

படைவீரர் அப்படிக் கேட்கலாமா? 'போர்க்காலத்தில் குறை சொன்னால் ஒற்றுமை கெடும், முதலில் வெற்றி, உரிமையெல்லாம் பிறகு' என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்கள் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. குண்டு பாயும் இடத்தில் நின்றுகொண்டு விவாதம் நடத்த முடியாது. ஆயினும், புறப்படும் முன் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அந்நாட்டுப் படையை மாற்றியதில் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து. அவற்றைக் கேட்டவர்கள் நாட்டுப்பற்றில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

ஜேம்ஸ் தாம்சன் என்ற 26 வயது இளைஞரை எடுத்துக்கொள்வோம். கான்சாஸ் மாநிலத்தில், விமானத் தொழிற்சாலை ஒன்றின் உணவகத்தில் அவர் வேலை செய்தார். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிய சில வாரங்களில், 1942ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கறுப்பினத்தவர் நடத்திய 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற வார ஏட்டில் அவருடைய கடிதம் வெளியானது. பாதி அமெரிக்கனாக வாழ்வதற்காக என் உயிரைக் கொடுக்க வேண்டுமா என்பதே அதன் சாரம். நேச நாடுகளின் மக்கள் அப்போது வெற்றியின் அடையாளமாக இரண்டு விரல்களை விரித்துக் காட்டுவது வழக்கம். கறுப்பினத்தவருக்கு ஒரு வெற்றி போதாது, இரண்டு வேண்டும் என்றார் தாம்சன்: ஒன்று வெளிநாட்டுப் பகைவர்மீது, மற்றொன்று உள்நாட்டில் உள்ள அநீதியின்மீது. அதுவே 'இரட்டை வெற்றி' இயக்கமாக நாடு முழுவதும் பரவியது. போருக்குப் போகமாட்டேன் என்று தாம்சன் சொல்லவில்லை. பிறகு அவரும் படையில் சேர்ந்து பணியாற்றினார்.

அந்தப் படை எப்படி இருந்தது? இரண்டாம் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அமெரிக்கச் சீருடை அணிந்தனர். அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு, தனித் தங்குமிடம், தனி உணவுக்கூடம். பெரும்பாலோருக்குக் கிடைத்தவை மூட்டை ஏற்றுவது, சாலை போடுவது, லாரி ஓட்டுவது போன்ற வேலைகளே. காயம்பட்டவர்களுக்காகச் சேகரிக்கப்பட்ட இரத்தத்தைக்கூட இனவாரியாகப் பிரித்து வைத்தார்கள். அறிவியலில் இதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது மருத்துவர்களுக்கு அப்போதே தெரியும்.

இந்தப் பிரிவினை மனத்தைப் புண்படுத்தியதோடு நிற்கவில்லை. போருக்கான ஆயத்தத்தையே அது கெடுத்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது, 'வெஸ்ட் வெர்ஜீனியா' என்ற போர்க்கப்பலில் டோரிஸ் மில்லர் உணவுக்கூடப் பணியாளராக இருந்தார். கடற்படையில் கறுப்பினத்தவருக்கு அன்று அத்தகைய பணிதான் கிடைத்தது. குண்டுகள் விழத் தொடங்கியதும் அவர் காயமடைந்தவர்களைத் தூக்கிச் சென்றார். பிறகு, விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கி ஒன்றைப் பிடித்து, குண்டுகள் தீரும்வரை சுட்டார். அதை இயக்க அவருக்கு யாரும் பயிற்சி அளித்ததே இல்லை. அடுத்த ஆண்டு அவருக்குக் கடற்படையின் உயரிய வீர விருது கிடைத்தது. எல்லாரும் அவருடைய துணிச்சலைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அவருக்கு ஏன் அந்தப் பயிற்சி மறுக்கப்பட்டது என்று கேட்பதற்கு நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1944இல் ரூபர்ட் டிரிம்மிங்கம் என்ற கறுப்பின வீரர் இராணுவ வார இதழான 'யாங்க்'குக்கு எழுதிய கடிதம் இன்னும் கூர்மையானது. அவரும் வேறு எட்டு வீரர்களும் லூசியானாவிலிருந்து அரிசோனாவுக்குச் செல்லும் வழியில் ஓர் ஊரில் இரவு தங்க நேர்ந்தது. இரயில் நிலைய உணவகத்தைத் தவிர வேறெங்கும் அவர்களுக்கு உணவு தர ஆளில்லை. அங்கும் பின்பக்கச் சமையலறைக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டும். அப்போது ஏறத்தாழ இருபத்து நான்கு ஜெர்மன் போர்க்கைதிகள் இரண்டு காவலர்களுடன் அதே உணவகத்துக்கு வந்தனர். அவர்கள் மேசைகளில் அமர்ந்து, பரிமாறப்பட்ட உணவை உண்டு, பேசிச் சிரித்தனர். நாட்டின் பகைவருக்கு முன்வாசல். நாட்டின் வீரருக்குப் பின்வாசல்! நாங்கள் எதற்காகப் போரிடுகிறோம் என்று அவர் கேட்டதில் வியப்பென்ன?

இந்தக் கடிதத்தைவிட, அதற்குக் கிடைத்த பதில்களே என்னை அதிகம் சிந்திக்க வைத்தன. டிரிம்மிங்கத்துக்கு 287 கடிதங்கள் வந்தன. அவற்றில் 183, படையில் பணியாற்றிய வெள்ளையர்கள் எழுதியவை. தங்கள் நாட்டில் இப்படி நடப்பதற்காக அவர்களும் வெட்கப்பட்டனர். 'கேள்வி கேட்டால் ஒற்றுமை கெடும்' என்ற வாதம் இந்த இடத்தில் வலுவிழந்து போகிறது. அந்தக் கேள்விதான் வெவ்வேறு இன வீரர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைத்தது.

போர் முடிந்தபின் நடந்ததோ கொடுமை. 1946 பிப்ரவரியில் ஐசக் வுட்டர்ட் என்ற வீரர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையிலேயே பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். தென் கரோலினா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் காவல்துறைத் தலைவர் அவரை அடித்ததில் இரண்டு கண்களும் பறிபோயின. அடித்தவரை நீதிமன்றக் குழு குற்றவாளி அல்லர் என்று விடுவித்தது. இச்செய்தி அதிபர் ஹாரி ட்ரூமனை உலுக்கியது. 1948ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி, படையில் உள்ள அனைவருக்கும் இன வேறுபாடின்றிச் சம வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்ற ஆணையில் அவர் கையெழுத்திட்டார்.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. ஆணையில் கால வரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. தலைமைத் தளபதிகள் சிலர் தயங்கினர், காலம் தாழ்த்தினர். 1950இல் கொரியப் போர் தொடங்கியது. வுட்டர்ட் கண்களை இழந்த அதே தென் கரோலினாவில் உள்ள ஃபோர்ட் ஜாக்சன் பயிற்சி முகாமில் புதிய வீரர்கள் வந்து குவிந்தனர். அவர்களை இனம்பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எனவே, வந்த வரிசையிலேயே அனைவரையும் கலந்து பயிற்சி கொடுத்தார்கள். அஞ்சியதுபோல் பெரிய கலவரம் எதுவும் வெடிக்கவில்லை. இந்த மாற்றம் மனிதநேயத்தால் வந்தது என்பதைவிட அவசரத்தால் வந்தது என்பதே உண்மை. எப்படி வந்தாலும் நல்லதே. எனினும், கறுப்பினத்தவருக்கு மட்டுமேயான படைப்பிரிவுகளில் கடைசியானது கலைக்கப்பட 1954 வரை ஆனது.

முகாமின் வாசலைத் தாண்டினால் நிலைமை வேறு. 1962 டிசம்பரில் காலின் பவல் என்ற இளம் அதிகாரி வியட்நாமுக்கு அனுப்பப்பட்டார். கருவுற்றிருந்த மனைவியை அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், அவருடைய பெற்றோர் வீட்டில் விட்டுச் சென்றார். அடுத்த ஆண்டு அந்நகரில்தான் சம உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற சிறுவர்கள்மீதும் காவல்துறை நாய்களை ஏவியது. போர்முனையில் இருந்தவர் தம் குடும்பத்தின் பாதுகாப்பை எண்ணிக் கவலைப்பட வேண்டிய நிலை! நாடு திரும்பியபின், ஜார்ஜியாவில் ஓர் உணவகத்தில் ஹாம்பர்கர் கேட்டார். பின்பக்கச் சன்னலுக்கு வருமாறு சொன்னார்கள். அவர் வாங்காமலே திரும்பினார். 1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதும், அதே உணவகத்துக்குப் போய் ஹாம்பர்கரை வாங்கிச் சாப்பிட்டார். 1989இல் அவர் அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவரானார். இதனை முன்னேற்றம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால், 'கதை இனிதே முடிந்தது' என்று இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஏனெனில், யார் எந்தக் கட்டிலில் படுக்கலாம் என்பதை ஓர் ஆணை தீர்மானிக்கும். ஒருவரைப் பார்த்ததும் மனத்தில் எழும் எண்ணத்தை அது தீர்மானிக்காது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவல்துறையின் பிடியில் இறந்ததை அடுத்து அமெரிக்கா கொந்தளித்தது. அப்போது விமானப்படைத் தளபதி சார்ல்ஸ் பிரவுன் ஒரு காணொளியில் தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். ஆயிரக்கணக்கான மணிநேரம் விமானம் ஓட்டியவர் அவர். மற்ற விமானிகள் அணிந்த அதே உடையையும் அதே சிறகுச் சின்னத்தையும் அணிந்திருந்தபோதும், 'நீங்கள் விமானியா?' என்று சக படையினர் ஒருவர் தம்மிடம் கேட்டதை அவர் நினைவுகூர்ந்தார்.

அவர் பேசிய நேரத்தைக் கவனியுங்கள். அமெரிக்க விமானப்படையின் தலைமைப் பொறுப்புக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. நாடாளுமன்ற மேலவையின் வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. பதவி உறுதியாகும்வரை வாய் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று எவரும் அறிவுரை சொல்லியிருப்பர். அவர் பேசிய சில நாள்களில், ஜூன் 9ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 98 வாக்குகள் விழுந்தன; எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை.