கடல் காற்றுக்கு எந்தத் திரை?

போன மாதம் திருவான்மியூரில் என் ஓர்ப்படியின் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி, கிழக்கே பார்த்த ஹால். "சித்தி, முதல்ல கடலைப் பாருங்க!" என்று ஆசையாய்த் திரையை இழுத்தாள். திரை நகரவில்லை. கம்பிதான் ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது! நல்லவேளை, கீழே விளையாடிக்கொண்டிருந்த நாலு வயசுப் பையன் மேல் விழவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய கத்தரிப்பூ நிற வெல்வெட் திரை அது. இருபத்தெட்டாயிரம் ரூபாய். ஏழு மாதம்தான் ஆகிறது. மடிப்பை முகர்ந்து பார்த்தேன்; குப்பென்று பூஞ்சக் காளான் வாடை. வளையம் பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை. பையனுக்கு ராத்திரியில் இழுப்பு வருகிறதாம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் கனத்த திரை, கம்பளம் இருக்கா?" என்பதுதானாம். பாவம், சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

குற்றம் அவளுடையது அல்ல. கடைக்காரர் பளபளப்பைக் காட்டுவார், உப்பைப் பற்றியா பேசுவார்? அலை உடையும்போது சிதறும் நுண்துளிகள் காற்றோடு வந்து ஜன்னலில் படிகின்றன. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது நம் சமையல் உப்பைவிட வேகமாக ஈரத்தை இழுக்கும். அதனால் கடலோர வீட்டில் திரைத்துணி முழுக்க உலர்வதே அபூர்வம். கனத்த துணியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில் காளானும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியும் குடியேறிவிடும். இழுப்புக்காரக் குழந்தைகளுக்கு இரண்டுமே ஆகாது.

ஆகவே துணியைவிடக் கம்பியை முதலில் கவனியுங்கள். அவள் வீட்டுக் கம்பி என்னமோ நல்ல எவர்சில்வர்தான். ஆனால் அதைத் தாங்கும் பிடியும் திருகாணியும் சாதா இரும்பு! அதுதான் துருப்பிடித்து உதிர்ந்திருக்கிறது. பிடி, திருகாணி எல்லாம் ஒரே தரமாக இருக்க வேண்டும். எவர்சில்வரிலும் 304 என்ற ரகம் கடலோரத்தில் பழுப்பேறும். 316 என்று கேட்டு வாங்கினால் நன்றாகத் தாங்கும். கட்டுப்படியாகாதவர்கள் தேக்குக் கழி போடலாம். பித்தளை களிம்பேறும், ஆனால் இரும்பைப் போல உதிர்ந்து விழாது. புளி போட்டுத் தேய்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். திரையில் உலோக வளையம் வேண்டாம். அதே துணியில் நாடா வைத்துத் தைத்துவிடுங்கள்.

துணி என்று பார்த்தால் மெல்லிய பருத்திக்குத்தான் என் ஓட்டு. கண்ணூர் கைத்தறி, கரூர்த் துணி எதுவானாலும் சரி. வெளிர் நிறமாக இருக்கட்டும். காலை வெயில் நேரே அடிக்கும் ஜன்னலில் அடர்ந்த சாயம் சீக்கிரம் வெளுக்கும். பாலியெஸ்டர் சட்டென்று உலரும், சுருங்காது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் தோதுதான். பருத்தியானால் தைக்குமுன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துங்கள். நாலடி ஜன்னலுக்கு எட்டடி அகலம் எடுத்தால் கொசுவம் அழகாய் விழும். அடியில் நாலு அங்குலம் மடித்து விட்டால், பின்னால் சுருங்கினாலும் இறக்கிக்கொள்ளலாம்.

"வெயிலுக்கு மெல்லிய துணி போதுமா?" என்று கேட்பீர்கள். போதாதுதான். பால்கனிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூட்டைத் திரையால் தடுப்பதைவிட, வெளியிலேயே மறிப்பது மேல். சென்னைக் கோடையில் கடல் காற்று பெரும்பாலும் உச்சிப் பொழுதை ஒட்டித்தான் வரும். அதுவரை தட்டி இறங்கியிருக்கட்டும், பிறகு சுருட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். 2016 டிசம்பர் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அலுமினியப் பட்டைத் திரை எனக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு பட்டையாய் உப்பைத் துடைத்து மாளாது. இழுகயிறு உள்ள எந்தத் திரையானாலும், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் கயிற்றை எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டுங்கள். கழுத்தில் மாட்டி உயிரே போன சம்பவங்கள் உண்டு.

துவைக்கும்போது எடுத்தவுடன் சோப்பில் போடாதீர்கள். வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிய பிறகுதான் சோப்பு. சாயம் தாங்கும் பருத்தியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப் பூச்சி சாகும். துருக்கறைக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, சற்று வைத்திருந்து அலசுங்கள். ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் திரை நனைந்த ஜன்னல் திட்டில் உரசாமல் தூக்கி முடிந்து வையுங்கள்.

அவள் இப்போது வெள்ளையில் நீலக் கோடு போட்ட கைத்தறித் திரை மாட்டியிருக்கிறாள். மாதம் ஒரு தரம் துவைக்கிறாள். பையனுக்கு இழுப்பு குறைந்திருக்கிறதாம். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவில்லை, நாமாக நிறுத்தவும் கூடாது. வெல்வெட் திரையை அலசி, நன்றாய்க் காயவைத்து, திருச்சியில் அவள் அம்மா எடுத்துப் போய்விட்டாள். அங்கே அது ஜம்மென்று தொங்குகிறது!