எது பானை?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் பழமொழி. அது பொய்ப்பதில்லை. ஏன்? பானை ஒன்று, உலை ஒன்று, தீயும் ஒன்று. எல்லா அரிசியும் ஒருங்கே வெந்தமையால், ஒரு சோறு ஏனைய சோற்றுக்கெல்லாம் சான்றாகின்றது. தனித்தனியே நிற்கும் பொருள்களுக்கும் இதனையே சார்த்துவது பெரும்பிழை. இந்திய நாட்டுத் தேர்தலில் அப் பிழையே நிகழ்கின்றது.

வாக்குப்பொறி காட்டும் எண்ணிக்கையை ஒப்புகைச் சீட்டுகளோடு ஒப்பிடும் முறை நடப்பில் உள்ளது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு பொறி என்றிருந்த அவ்வொப்பீட்டை, உச்சநயன்மன்றம் 2019-இல் ஐந்தாக உயர்த்தியது. எதிர்க்கட்சிகள் வேண்டியதோ அரைப்பங்கு. அவ்வாண்டிலேயே வல்லுநர் குழுவொன்று, நாடு முழுமைக்கும் 479 பொறிகளை ஒப்பிட்டாற் போதுமென்று கணக்கிட்டது. எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்ற வேண்டுகை 2024-இல் தள்ளப்பட்டது.

வல்லுநர் கணக்கில் பிழையில்லை, பானையில்தான் பிழை! நாடு முழுவதையும் அவர்கள் ஒரே பானையாகக் கொண்டனர். வெற்றியும் தோல்வியுமோ தொகுதிதொறும் முடிவாகின்றன. ஆதலின் ஒவ்வொரு தொகுதியும் ஒரு தனிப் பானை.

சட்டமன்றத் தேர்தலில் ஒரு தொகுதிக்கு 300 பொறிகள். அவற்றுள் 3 பழுதுற்றவை எனக் கொள்க. முதற்பொறியை எடுத்தபின் எஞ்சுவன 299, அடுத்து 298. எடுத்ததை மீண்டும் இடாமையால், ஒவ்வோர் எடுப்பும் அடுத்த எடுப்பின் வாய்ப்பை மாற்றுகின்றது. வாய்ப்பு மாறாத ஈருறுப்புப் பரவலினின்றும் வேறான நிகழ்தகவுப் பரவல் இது. இதன்படி, எடுத்த ஐந்தனுள் பழுதொன்றும் அகப்படாமற் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 95. பழுதுற்றவை 30 ஆயினும், நூற்றுக்கு 59 முறை அவை தப்பிவிடும்!

பழுதொன்றேனும் அகப்படுமென்று நூற்றுக்கு 99 உறுதி வேண்டின், 30 பழுதுக்கு 41 பொறிகளை எடுத்தாற் போதும். 3 பழுதுக்கோ 235 பொறிகளை எடுத்தல் வேண்டும். எனவே எத்துணைப் பொறி என்பதை வெற்றி இடைவெளியே வரையறுத்தல் வேண்டும். பல்லாயிரம் வாக்கில் வென்ற தொகுதியில், முடிவை மாற்றப் பல பொறிகள் பழுதுற வேண்டும். சிலவற்றை எடுத்தாலே அது வெளிப்பட்டுவிடும். சில நூறு வாக்கில் வென்ற தொகுதியிலோ இரண்டு மூன்று பொறிகளே முடிவைப் புரட்டவல்லன. அங்கு எல்லாவற்றையும் எண்ணுவதே அறம். எங்கும் ஐந்து என்பது கணக்கன்று; எளிமை நாடிய ஏற்பாடு!

பொறிகள் பழுதுற்றன என்று இக் கணக்கு கூறவில்லை. பழுதில்லை என்பதை ஐந்து பொறிகள் மெய்ப்பிக்கமாட்டா என்பதையே கூறுகின்றது. தோற்றவனும் ஐயமின்றி ஏற்கும் முடிவன்றோ குடியரசின் வேர்!

குடத்திலிருந்து எடுக்கும் முறை தமிழ்மண்ணுக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (921), ஓலை இன்னதென்றறியாச் சிறுவனைக் கொண்டு அவையோர் முன்னிலையில் குடவோலை எடுக்கும் முறையைக் கல்லிலே பொறித்து வைத்தது. முறையை ஊரறிய வைத்ததே அதன் சிறப்பு. இற்றைத் தேர்தல் ஆணையமும், ஐந்து என்னும் எண் தொகுதிதொறும் எத்துணை உறுதி தருகின்றது என்பதை மக்களறிய வைக்கட்டும். எது பானை என்றறியாமல் பதம் பார்ப்பது, பாராமையினும் கேடு!