ஆங்கிலம் அறிவோம்: கையெழுத்திடுமுன் ஒரு சொல்



அண்மையில் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் பெற்றோருடன் வன்னிக்குப் போய்க் குடியேறியவர். 2009இல் யுத்தத்தின் கடைசி நாட்களில் கணவர் காணாமற்போக, பிள்ளைகளுடன் தம்பியின் லயத்துக்குத் திரும்பி வந்தவர். உதவி கேட்டு நிரப்பிய ஆங்கிலப் படிவம் ஒன்றை என்னிடம் காட்டினார்.

கணவரைப் பற்றிய பகுதியில் 'டிசீஸ்ட்' என்ற சொல்லுக்கு நேரே சரி அடையாளம் போட்டிருந்தார்.

"அவருக்குச் சீனி வருத்தம் இருந்திச்சு தங்கச்சி. அதான் போட்டேன்" என்றார்.

'டிசீஸ்' என்றால் நோய் என்று டிஸ்பென்சரியில் கேட்டுப் பழகியவர். ஆனால் படிவத்தில் இருந்தது வேறு சொல். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும், எழுத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். டி, ஐ, எஸ் என்று தொடங்கினால் நோயுற்றவர். டி, ஈ, சி என்று தொடங்கினால் காலமானவர்.

நான் விளக்கியதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "அப்ப அவர் இல்லைன்னு நானே எழுதிக் குடுக்கப் பார்த்தேனா?" என்று கேட்டார். அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை நிரப்பினோம். இம்முறை அடையாளமிட்டது 'மிஸ்ஸிங்', அதாவது காணாமற்போனவர் என்ற சொல்லுக்கு.

இன்னொரு சொல்லையும் அவருக்குச் சொன்னேன். செக்ரோலில் 'அப்சன்ட்' என்றால் அன்று வேலைக்கு வரவில்லை என்று நமக்குத் தெரியும். அதே குடும்பத்துச் சொல்தான் 'அப்சன்ஸ்'. 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி ஏற்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ளது இந்த 'அப்சன்ஸ்'தான். 'டெத்' என்றிருந்தால் அது மரணச் சான்றிதழ். கணவர் இறந்துவிட்டார் என்று ஏற்காமலே, குடும்பத்தின் தேவைகளுக்காக முதலாவதைப் பெறலாம். எதைக் கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்பது நமது உரிமை.

மேலும் சில சொற்கள்:

'விடோ' என்றால் கணவரை இழந்தவர். கடைசியில் ஈ, ஆர் சேர்ந்து 'விடோவர்' ஆனால் மனைவியை இழந்தவர்.

'பிரின்சிபல்' என்பதன் முடிவு பி, ஏ, எல் என்றால், கடன் பத்திரத்தில் அது முதல் தொகை. பி, எல், ஈ என்றால் கொள்கை. கடன் எடுக்கும்போது முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள்.

பெயரிலும் கவனம் தேவை. லெட்சுமி என்ற ஒரே பெயரை ஒரு பத்திரத்தில் டி, சி, எச் போட்டும், இன்னொன்றில் கே, எஸ், எச் போட்டும் எழுதிவிடுகிறார்கள். சேமலாப நிதி கேட்டுப் போகும்போது இருவரா என்று சந்தேகம் வரும். பிறப்புச் சான்றிதழில், அடையாள அட்டையில், வங்கிப் புத்தகத்தில் உள்ள எழுத்துக்களை இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

சகோதரிகளே, ஆங்கிலம் தெரியாதது வெட்கமல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் தாருங்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். வேறிடங்களில் ஆங்கிலப் படிவம்தான் என்றால், வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.