குட்டி ஜப்பானின் வெயில்

சிவகாசிக்கு 'குட்டி ஜப்பான்' என்று பேர் வைத்தது நேரு என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உழைப்பைப் பார்த்துச் சொன்ன பேர். ஆனால் அதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது.

ஜப்பானில் தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர் ஹிமேஜி. உள்கடல் ஓரத்து ஊர். ஜப்பானின் மற்ற பகுதிகளைவிட அந்தக் கரையில் மழை குறைவு. குச்சி சீக்கிரம் காயும் என்பதால் தொழில் அங்கே வேர்பிடித்தது.

சிவகாசிக்குக் கடலும் இல்லை. சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை. வானம் பார்த்த பூமி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று, மறுவருடம் ஊரில் தொழில் தொடங்கினார்கள். வெள்ளாமையைக் கருக்கிய வெயில் குச்சியைக் காயவைத்தது.

பிறகு ஒன்றைத் தொட்டு ஒன்று. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அச்சகம் வந்தது. மருந்து பழகிய கைகள் மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் போயின. வீட்டுச் சுவரில் தினம் கிழிபடும் காலண்டரும் பெரும்பாலும் இங்கிருந்து வருவதுதான். மற்ற ஊர்க்காரர்கள் ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போக, இங்கே அன்றுதான் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை! 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது.

வாழவைக்கும் வெயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பட்டாசு மருந்துக்குச் சூடும் உராய்வும் ஆகாது. அதனால்தான் மருந்து கலப்பதை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், மீந்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்கிறது விதி. அறைக்குள் இத்தனை பேர்தான் என்ற கணக்கும் உண்டு. ஆர்டர் நெருக்கும்போதுதான் இதெல்லாம் நழுவுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. வெயில்மேல் பழிபோடுவது சுலபம். வெயில் என்னவோ அன்றும் இன்றும் ஒன்றுதான்.

2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. டெல்லியின் காற்று கெட்டதற்கான வழக்கில் சிவகாசியில் சரம் பின்னிய பெண்களின் கைவேலை போயிற்று. காற்றும் முக்கியம்தான். ஆனால் வேறு வேலை தேடச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருப்பது அதே கரிசல் காடுதான்.

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். பூஜை போட்டு மறுபடி திறக்கும்போது, விடிகாலையில் தூக்குவாளியோடு பெண்கள் ஊர் எல்லையில் வேனுக்குக் காத்து நிற்பார்கள்.