ஆங்கிலத்தில் கேட்டால் அம்மா குழம்பியிருப்பது தெரியுமா?

இங்கிலாந்து மருத்துவமனைகளில் வார்ட்டில் படுத்திருப்பவரை நாளுக்குப் பல தடவை ஒருவர் வந்து சோதித்துப் புள்ளி போடுவார். மூச்சு, இரத்தத்தில் ஒட்சிசன், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம், சுயநினைவு என்று ஆறு விடயங்கள். 'நியூஸ்' எனப்படும் இந்த முறை 2012இல் வந்தது. 2017இல் அதைத் திருத்தியபோது ஒன்றைச் சேர்த்தார்கள்: நோயாளி புதிதாகக் குழம்பிக் கதைத்தால் 3 புள்ளி. ஒரே விடயத்தில் 3 வந்தாலே மருத்துவரின் அவசர கவனம் தேவை.

முதல் ஐந்தையும் கருவியாலும் கடிகாரத்தாலும் அளந்துவிடலாம். குழப்பத்தைக் கண்டுபிடிக்கக் கதைக்க வேண்டும். எந்த மொழியில்?

தமிழ் மட்டும் தெரிந்த எண்பது வயது அம்மாவிடம் ஆங்கிலத்தில் "இன்றைக்கு என்ன நாள்?" என்று கேட்டால் அவர் பேசாமல் பார்ப்பார். அதை மொழிப் பிரச்சினை என்று தாதி எடுத்துக்கொள்வது இயல்பு. கிருமித்தொற்று முதியவர்களிடம் பல சமயம் காய்ச்சலாக அல்ல, இப்படித் தடுமாற்றமாகத்தான் முதலில் தெரியும். பின்னேரம் மகள் வந்து "அம்மா ஒரு மாதிரிக் கதைக்கிறா" என்று சொல்லும்வரை எவருக்கும் தெரியாது. மகள் வராத நாளில்?

வார்ட் இயங்கும் விதமும் இதற்கு உதவுவதில்லை. தாதியர் பெரும்பாலும் 12 மணி நேர முறையில் வேலை செய்கிறார்கள். ஒருவர் போக, அடுத்தவர் வர, இடையில் நடக்கும் சில நிமிடக் கைமாற்றத்தில் சொல்லப்படுவதுதான் இரவுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் குறித்த ஒரு தாதி பொறுப்பாக இருப்பார் என்று 1991ஆம் ஆண்டின் நோயாளர் சாசனம் உறுதி தந்தது. ஆனால் நேற்று அம்மாவைப் பார்த்த தாதி இன்றைக்கும் வருவார் என்று எவராலும் சொல்ல முடியாது. பகலில் ஒரு தாதிக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் ஆபத்துக் கூடும் என்று 2014இல் நைஸ் அமைப்பே எழுதியது. வேல்ஸும் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தாதியர் எண்ணிக்கை பற்றிச் சட்டமே இயற்றிவிட்டன. இங்கிலாந்தில் இன்னும் வழிகாட்டல்தான். ஆகவே குறை தாதியருடையது அல்ல. அவர்களில் எத்தனையோ பேர் எங்களைப் போல வந்தேறியவர்கள்.

எங்கள் பக்கமும் பார்க்க வேண்டும். பிளாஸ்க்கில் சூப்போடு ஐந்து பேர் கட்டிலைச் சுற்றி நிற்போம். "இண்டைக்கு இவவைப் பார்க்கிற நேர்ஸ் யார்?" என்று ஒருவரும் கேட்கமாட்டோம். மொழிபெயர்க்கப் பதினாலு வயதுப் பேரனை விடுவோம். சலம் போவதில் உள்ள சிக்கலை அந்தப் பிள்ளைக்கு முன்னால் எந்த அம்மம்மா சொல்வா? "ஒண்டுமில்லை" என்பா. அதுவே கோப்பில் ஏறும்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம், தொலைபேசியிலும் கிடைப்பார். ஆனால் சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும்போது மட்டும் அழைத்தால் போதாது. தாதியின் அன்றாடச் சோதனைக்கும் அழைக்க வேண்டும். நோயாளி என்ன மொழி கதைப்பவர், வழக்கத்தில் எப்படிக் கதைப்பவர் என்ற இரண்டு வரியும் கைமாற்றத் தாளில் இருக்க வேண்டும். இதை நிர்வாகங்களிடம் எங்கள் சங்கங்கள் எழுத்தில் கேட்கலாம். ஆண்டுவிழா மலருக்குச் செலவழிக்கும் உழைப்பில் கால்வாசி போதும்.

2021இல் 13 வயது மார்த்தா மில்ஸ் கிருமித்தொற்றால் இறந்தார். பெற்றோரின் எச்சரிக்கை வார்ட்டில் எடுபடவில்லை. முன்னரே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்று மரண விசாரணையில் முடிவானது. அதன் பின் வந்த 'மார்த்தாவின் விதி' 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. உறவினரின் நிலை மோசமாகிறது என்று தோன்றினால், வார்ட்டுக்கு வெளியே உள்ள ஒரு குழுவைக் குடும்பத்தாரே எந்த நேரமும் அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். நோயாளியையும் குடும்பத்தையும் நாள்தோறும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதும் அந்த விதியின் ஒரு பகுதி. அடுத்த தடவை வார்ட்டுக்குப் போகும்போது அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கித் தொலைபேசியில் பதிந்துவையுங்கள்.