ஊர் நண்பரின் மூன்று கேள்விகளும் நமது பதிலும்

ஊரிலிருந்து நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். நெல்லைச் சீமையில் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர். மூன்று கேள்விகள் கேட்கிறார். தாராவியில் வாழ்க்கை எப்படி? இப்போது எந்தக் கட்சி? பொழுதுபோக்கு என்ன? போகிற போக்கில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: "புதிய வாக்காளர் பட்டியலில் உங்கள் வீட்டார் பெயர் ஒன்றுகூட இல்லை. உடனே வந்து சேர்த்துவிடுங்கள். நம் தெருவின் ஓட்டுக் குறைந்துவிடக் கூடாது."

நலம் விசாரிக்கும் அன்பில் நாம் குறை காணவில்லை. ஆனால் கோயில் கொடைக்கு ஊர் போகிற நம்மவர் ஒவ்வொருவரிடமும் இதே கேள்விகள்தாம் கேட்கப்படுகின்றன. நாமும் "ஏதோ போகுது அண்ணாச்சி" என்று மழுப்பிவிட்டு வண்டியேறி விடுகிறோம். இம்முறை மழுப்புவதாக இல்லை. எல்லோர் வீட்டுச் சங்கதியும் இதுவே என்பதால், தனிக் கடிதமாகப் போக வேண்டிய பதிலை நம் இதழிலேயே எழுதுகிறோம்.

முதலில் வாழ்க்கை. நண்பரே, 1987-ல் 'நாயகன்' வந்த நாள் முதலாக ஊரில் தாராவி என்றால் தாதாவும் துப்பாக்கியும்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லிக் கொப்பரை ஏற்றுகிறவர்களையும், சைக்கிளில் பாத்திரம் கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி விற்று வருகிறவர்களையும், பத்துக்குப் பத்து அறையில் அடுப்பின் முன் உட்கார்ந்து நாளெல்லாம் முறுக்குச் சுற்றும் நம் பெண்களையும் எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? நம் பாட்டன்மார் தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்தார்கள். ஆசையில் வந்தவர்கள் அல்லர்; வானமும் பொய்த்தது, ஊர்க் கிணறும் அவர்களை அண்டவிடவில்லை. மாகிம் கழிமுகத்துச் சேற்றில் கல்லையும் குப்பையையும் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டார்கள். இன்று பொன் விளையும் பூமி என்று பெருமுதலாளிகள் நாக்கைத் தொங்கவிடுகிறார்களே, அந்தப் பூமியைச் செய்தவர்கள் அவர்கள். 1971-ல் பாந்த்ராவில் இருந்த ஆடுமாடு அறுக்கும் கூடம் தேவனாருக்குப் போயிற்று. தோல் பதனிடும் தொழிலும் படிப்படியாக மங்கிற்று. பையும் பெல்ட்டும் தைக்கும் வேலை மிஞ்சியது. வாழ்க்கை எப்படி என்றால் இப்படித்தான்.

இரண்டாவது கேள்விதான் நம்மைச் சுடுகிறது. எந்தக் கட்சி? நம்மில் ஒவ்வொருவனும் ஊர்க் கட்சியின் கரை வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். தேர்தல் வந்துவிட்டால் ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டு, நாகர்கோவில் வண்டியில் கக்கூசு ஓரமாய்க் குந்திக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவது நமக்கொரு பெருமை! தாராவிக் குழாயில் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தென்காசி எம்.எல்.ஏ.வா தீர்மானிக்கப் போகிறார்?

இது வெறும் வாதம் அல்ல. தலைக்கு மேலுள்ள கூரை சம்பந்தப்பட்டது. குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு தரும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு கொண்டுவந்தபோது, தகுதிக்கு உரிய நாள் 1.1.1995 என்றது. அந்த நாளின் வாக்காளர் பட்டியலில் உன் பெயர் உண்டா என்பதே முதல் கேள்வி. பிறகு அந்த நாள் 1.1.2000 ஆயிற்று. தாராவி புனரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீட்டுக் கணக்கெடுப்புத் தொடங்கியபோதும் அதே தேதிதான் கத்தியாக வந்து நின்றது. அதற்கு முன்பிருந்தே இருந்ததாகச் சான்று காட்டும் தரைத்தளக்காரனுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 1.1.2011 வரை வந்தவனுக்குத் தாராவிக்கு வெளியே வீடு, அதுவும் இரண்டரை இலட்சம் ரூபாய் கட்டினால். மேல்தளத்தில் இருப்பவனுக்கோ வெளியே வாடகைத் தவணை வீடு. தேவனார் குப்பைமேட்டு நிலத்தையும் இத்திட்டத்திற்கென ஒதுக்கியிருக்கிறார்கள். 1971-ல் அறுப்புக்கூடம் போன ஊருக்கே நம்மையும் அனுப்பப் பார்க்கிறார்கள். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது!

நம் சந்திலேயே ஒரு பெரியவர். 1978 முதல் இங்கே இருக்கிறார். பிள்ளைகள் பிறந்ததும் இங்கே, மனைவியை அடக்கம் செய்ததும் இங்கே. ஆனால் ஒரு தேர்தல் தவறாமல் ஊர் போய் ஓட்டுப் போட்டவர். ரேஷன் கார்டு ஊரில். லைட் மீட்டர் அறைக்காரர் பெயரில். கணக்கெடுக்க வந்தவர்கள் 2000-க்கு முந்திய காகிதம் ஏதாவது ஒன்று காட்டச் சொன்னார்கள். பெரியவர் பெட்டியைத் திறந்து, பத்திரமாய் வைத்திருந்த ஊர் வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார். அவர் இங்கே இல்லை என்பதற்கல்லவா அது சான்று! வந்தவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று இரவு அந்த வீட்டில் விளக்குப் போடவில்லை.

இதில் பிறர்மேல் மட்டும் பழி போட நமக்கு உரிமை இல்லை. தேர்தல்தோறும் ஊருக்குப் பேருந்து பிடித்துக் கொடுத்து, மாலை போட்டு வழியனுப்பியது யார்? நம் சங்கம்தான். அந்தப் பெரியவரையும் ஒரு முறை முன் இருக்கையில் ஏற்றி அனுப்பினோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவன் எங்கே வழக்கமாக வசிக்கிறானோ அந்தத் தொகுதியில்தான் அவன் வாக்காளன். ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதாலேயே அங்கே வசிப்பவன் ஆகிவிட மாட்டான். இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருக்கவும் கூடாது. இருந்த இடத்திலிருந்தே ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்க ஓர் இயந்திரம் வரப்போகிறது என்று 2023 சனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளை அழைத்துப் பேசியதே, அதுவும் அத்தோடு நின்றது. இதற்கிடையில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் நடத்தி, 2025 டிசம்பர் 19-ல் வெளியிட்ட வரைவுப் பட்டியலில் சுமார் 97 இலட்சம் பெயர்களை எடுத்துவிட்டார்கள். குடிபெயர்ந்தோர் என்று எடுக்கப்பட்டவர்களே அதில் அதிகம். நண்பர் சொல்லும் நம் வீட்டாரும் அந்தக் கணக்கில்தான். கூலிக்குப் போனவனின் பெயரை அவன் இல்லாத நேரத்தில் அடிப்பதை நாம் சரியென்று சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே அடிபட்டு, இங்கேயும் ஏறாத பெயர் எங்கே இருக்கிறது? அவன் இந்தியாவில் எங்கும் இல்லாதவன்.

"ஊரை மறந்துவிட்டீர்களா?" என்று நண்பர் கேட்பார். பழைய பயம் ஒன்றும் நமக்குத் தெரியும். 1966 சூனில் சிவசேனை பிறந்தது; தென்னாட்டார் கடைகள் தாக்கப்பட்டன; லுங்கி கட்டியவன் தெருவில் நடக்க அஞ்சினான். நாளை துரத்தினால் போய் நிற்க ஊரில் ஒரு பெயராவது இருக்கட்டும் என்று நம் பெற்றோர் நினைத்தார்கள். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் துரத்த வருகிறவனுக்கு எவன் எளிது? பட்டியலில் இருப்பவனா, இல்லாதவனா? தேர்தலுக்கு முந்தின இரவு பிரியாணிப் பொட்டலத்தோடு நம் சந்துக்குள் வரும் இங்குள்ள தரகர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஓட்டு இல்லாத வீட்டில் பொட்டலம்கூட இறங்குவதில்லை!

ஆகவே நண்பரே, ஊர்ப் பட்டியலில் நம் பெயரைச் சேர்க்க வரமாட்டோம். கொடைக்கு வருவோம், வரியும் கட்டுவோம்.

மூன்றாவது, பொழுதுபோக்கு. ஒரு காலத்தில் மாட்டுங்கா அரோராவில் தமிழ்ப்படம் வந்தால் குடும்பத்தோடு போனோம். இப்போது கைப்பேசிதான். ஆனால் பொழுது இருந்தால் அல்லவா போக்குவதற்கு? 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே தினக் கூட்டம் நடத்தினார். நூறு ஆண்டு நிறையும் வேளையில், 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் கொதித்தெழுந்தன. மே முதல் நாள் அரசு வாபஸ் வாங்கிற்று. 2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவையும் தொழிற்சாலை வேலையை ஒன்பது மணியிலிருந்து 12 மணியாக்க ஒப்புதல் தந்தது. நம் சந்துகளில் எத்தனை பேர் அதைப்பற்றி வாய் திறந்தோம்? ஊரில் எந்த நடிகர் எந்தக் கூட்டணி என்று விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம். தாராவிப் பட்டறைகளில் பல எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை, அங்கே மணிக்கணக்கே கிடையாது என்பது வேறு.

கிடைக்கிற ஞாயிறு பிற்பகலில் கேரம் ஆடுகிறோம். சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற பிறகு, நம் பெண் பிள்ளைகளும் பலகையைச் சுற்றி நிற்கிறார்கள். இடித்துத் தள்ளிக்கொண்டு அவர்களும் ஆடட்டும்.

ஐந்து மணிக்குப் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதே மேசையில் படிவம் நிரப்புகிறோம். ஊர்ப் பட்டியலில் இன்னும் பெயர் இருப்பவர்களுக்குப் படிவம் 8, பெயர் அடிபட்டவர்களுக்கும் புதிதாகச் சேர்வோருக்கும் படிவம் 6. ஆதாரும், இந்த முகவரிக்கு வந்த லைட் பில்லோ வங்கிப் புத்தகமோ இருந்தால் அதுவும், ஒரு போட்டோவும் கொண்டு வரவும். பெண்களின் பெயரை விட்டுவிட்டு வர வேண்டாம்.