கணினிக்கும் உண்டு கத்திரி வெயில்

உழவு மாடு திடீரென்று படுத்துவிட்டால் உழவன் உடனே வேறு மாடு வாங்கச் சந்தைக்கு ஓடுவதில்லை. தீனி தின்றதா, தண்ணீர் குடித்ததா, காலில் முள் ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறான். இந்த நிதானம் கணினி விஷயத்தில் மட்டும் ஏனோ காணாமற் போய்விடுகிறது.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் போன்ற ஊர்களில், கரும்புப் பணம் கைக்கு வந்ததும் மகனுக்குக் கணினி வாங்கித் தரும் தகப்பனார்கள் உண்டு. பகலில் படிப்பு, இரவில் விளையாட்டு என்று சில மாதங்கள் அது ஒழுங்காக ஓடுகிறது. சித்திரை பிறந்ததும் வருகிறது வினை. திரையில் பாய்ந்து செல்லும் கார் நின்று நின்று தாவுகிறது. காட்சி திக்கித் திணறுகிறது. "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதப்பா" என்கிறான் பையன். "மாற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்று ஒத்து ஊதுகிறது ரிப்பேர் கடை. மாற்றுவதென்றால் பல்லாயிரம் ரூபாய்! கார்டு உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பதை மட்டும் ஒருவரும் சோதிப்பதில்லை.

சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கணினி விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் வினாடிக்கு 60 படங்களாவது வேண்டும் என்பார்கள். இவற்றைத்தான் 'பிரேம்' என்கிறார்கள். சினிமாப் படம் முன்பே எடுத்து வைத்தது. விளையாட்டுப் படமோ, ஆடுகிறவன் விரல் அசைவுக்கேற்ப அப்போதைக்கப்போது வரையப்படுவது. ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால், ஒரு படத்தை வரையக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 பங்குதான். அந்த நேரம் தவறினால் காட்சி தடுமாறுகிறது.

காய்ச்சல் நோயன்று, அறிகுறி

நேரம் ஏன் தவறுகிறது? கோடையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான். பிராசசர்கள் பலவும் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கிராபிக்ஸ் கார்டும் அதற்குரிய எல்லையில் அவ்வாறே செய்கிறது. இது பழுதன்று, கருகிப் போகாமல் தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரம் செய்துகொள்ளும் உபாயம்.

கணினிக்குள் சுழலும் ஃபேன் அறைக் காற்றைத்தான் இழுத்து வீசுகிறது. மார்கழியில் 25 டிகிரியாக இருந்த அறை மேயில் 38 ஆனால், உள்ளே இருக்கும் சூடும் ஏறத்தாழ அந்த 13 டிகிரி ஏறத்தான் செய்யும். முண்டியம்பாக்கமோ நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். சாலைப் புழுதி உள்ளே புகுந்து உலோகத் தகடுகளின் இடுக்கில் கம்பளிபோல் படிந்துவிட்டால், காற்று எப்படிப் போகும்?

'வோல்டேஜ் குறைவுதான் காரணம்' என்பார் உண்டு. நல்ல மின்வழங்கிப் பெட்டி ஓரளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாவிட்டால் கணினி அணையுமே தவிரத் திக்காது. ஆனால் வோல்டேஜ் குறைந்தால் கூரை மின்விசிறி மெதுவாகச் சுற்றும், அறை புழுங்கும், அந்தப் புழுக்கம் கணினியைத் தாக்கும். பழி மறைமுகமாகத்தான் மின்சாரத்தைச் சேரும்.

எப்போது திணறுகிறது?

குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பது நேரமே. தொடக்கத்தில் நன்றாக ஓடிப் பத்து இருபது நிமிடம் கழித்துத் திணறினால் சூட்டைச் சந்தேகிக்கலாம். லேப்டாப்பில் சார்ஜரைப் பிடுங்கியதும் திணறினால், பேட்டரியில் அது முழு வேகம் காட்டுவதில்லை என்று பொருள். புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் வெட்டினால், ராம் போதாமையோ பழைய ஹார்ட் டிஸ்க்கின் மந்தமோ காரணமாகலாம். நினைத்த நேரத்தில் வந்து போனால், பின்னணியில் ஓடும் அப்டேட்டைப் பார்க்க வேண்டும். தன் கார் சீராக ஓட, எதிராளியின் கார் மட்டும் தாவினால் அது இணையத்தின் கோளாறு. கார்டின்மேல் பழி போடுவது அநியாயம்.

ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் தொல்லையென்றால், குற்றம் அந்த விளையாட்டிலேயே இருக்கலாம். 2015 ஜூனில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' விலையுயர்ந்த கணினிகளிலும் தடுமாறியது. சில நாட்களிலேயே கணினிப் பதிப்பின் விற்பனையை நிறுத்தி, திருத்தி, அக்டோபரில்தான் மீண்டும் விற்றார்கள். அந்த நாளில் கார்டை மாற்றியவன் பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.

காசில்லாத சோதனைகள்

சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கணினிக்கு வெப்பமானி அதன் உள்ளேயே இருக்கிறது. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள், விளையாடும்போதே சூட்டையும் வேகத்தையும் பிரேம் கணக்கையும் திரையின் மூலையில் காட்டும். சூடு ஏற ஏற வேகம் இறங்கினால் வழக்கு முடிந்தது. பெட்டியின் பக்க மூடியைத் திறந்து மேசை ஃபேனைத் திருப்பி வைத்ததும் திணறல் குறைந்தாலும் முடிவு அதுவே. விளையாட்டின் படத் தெளிவைக் குறைத்துப் பார்த்தும் பிரேம் கூடவில்லையா? அப்படியானால் இடையூறு பெரும்பாலும் கார்டில் இல்லை. புதிய கார்டு வாங்குவது வீண் செலவு.

மருந்தும் மலிவுதான். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புழுதியை ஊதி எடுக்க வேண்டும். பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்கலாகாது. லேப்டாப்பை மெத்தைமேல் வைக்கலாகாது. சில ஆண்டுகள் ஆகியிருந்தால், உலர்ந்த தெர்மல் பேஸ்டை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றலாம். பிரேம் 60ஐத் தாண்டாமல் வரம்பு கட்டினாலும் சூடு தணியும். கார்டே கெட்டுப் போவதும் உண்டு. ஆனால் இவ்வளவையும் பார்த்த பிறகு வர வேண்டிய முடிவு அது.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல் என்று போனால் முதலில் வெப்பமானி வைக்கிறார்கள்; பிறகுதான் மருந்துச் சீட்டு. ரிப்பேர் கடைகளும் அந்த முறையைக் கைக்கொண்டால் என்ன? சூடு எத்தனை, வேகம் எத்தனை, பிரேம் எத்தனை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டிய பின்பே எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்ல வேண்டும். காட்டாத கடைக்காரரிடம் "எங்கே கணக்கு?" என்று கேட்பது, வியர்வை சிந்திப் பணம் கட்டுகிற ஒவ்வொரு தகப்பனாருக்கும் உள்ள உரிமை.